ஏற்காட்டுப் பூங்காக்களில் வாங்கும் டிக்கெட் பணம் எங்கே போகிறது?

கோரிமேடு
ஞாயிறு இரவு 9:40

இன்று அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்தார். பூங்காவில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். எந்தப் பூங்கா என்று எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அரை மணி நேரத்தில் அம்மா கழிவறை கேட்டார். போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. 'தண்ணீர் இல்லை' என்று எழுதிய அட்டையைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டை மழையில் நனைந்து, காய்ந்து, எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. அன்றைக்கு மாட்டிய அட்டை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. இருபது அடி தள்ளிப் புதிதாக வைத்த செல்ஃபி மேடை, இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்து ஒரு டிபன் கடையில் கேட்டேன். கடைக்கார அக்கா முகம் சுளிக்காமல் வீட்டுக்குள் கூட்டிப்போனார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம் என்று வாங்குகிற பணமெல்லாம் எங்கே போகிறது? புதிதாக ஒன்று கட்டப் பணம் இருக்கிற இடத்தில் குழாய்க்கு ஏன் இல்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஒண்டிக்கடை
ஞாயிறு இரவு 10:15

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

நான் ஏரிப் பக்கம் கடை வைத்திருப்பவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே 'கவர்மென்ட் பூங்கா' என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுக்காரர். அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. ரோட்டைத் தாண்டினால் படகு இல்லம், அது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 1963இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தது. பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடி இருக்கிறதே, அது அங்கேதான். அடிவாரத்துக்கு இறங்கினால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வனத்துறை. இதே மாவட்டத்தில் மேட்டூர் அணைப் பூங்கா நீர்வளத் துறை. சேலம் டவுனுக்குள் இருப்பவை மாநகராட்சி.

ஆக, ஒரே நாளில் ஒரு குடும்பம் மூன்று இடத்தில் டிக்கெட் எடுத்தால் மூன்று கல்லாவுக்குப் போகிறது. ஒரு கல்லாவுக்கு இன்னொரு கல்லாவைத் தெரியாது. ஏரிக்கரையில் குப்பை கிடந்தால் யார் அள்ளுவது என்பதற்கே நாலு பேரிடம் போக வேண்டும்.


அஸ்தம்பட்டி
திங்கள் காலை 6:20

நான் கருவூலக் கணக்குத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோரிமேடு தம்பி கேட்டதற்கு என்னால் நேராகவே பதில் சொல்ல முடியும்.

அரசுத் துறை நேரடியாக நடத்தும் பூங்கா என்றால், கவுன்ட்டரில் நீங்கள் கொடுக்கும் பணம் செலான் போட்டுக் கருவூலத்துக்குப் போய்விடும். அங்கே அது மாநிலத்தின் தொகுப்பு நிதியில் கலந்துவிடும். அரசியலமைப்புச் சட்டத்தின் 266ஆவது பிரிவு சொல்வது இது. அந்த நிதியிலிருந்து ஒரு ரூபாய் வெளியே வர வேண்டும் என்றாலும் சட்டமன்றம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வரவு ஒரு கணக்குத் தலைப்பு, செலவு வேறொரு தலைப்பு. இரண்டுக்கும் நடுவில் குழாய் இணைப்பு கிடையாது. மே மாதம் கூட்டம் அலைமோதி வசூல் இரண்டு மடங்கு ஆனாலும் அந்தப் பூங்காவுக்கு அதனால் ஒரு துடைப்பம்கூடக் கூடுதலாக வராது.

அடுத்து, செலவுக்கு வருகிற பணமும் ஒரே பையாக வராது. சம்பளம், தினக்கூலி, மின்கட்டணம், பராமரிப்பு, புதிய பணி என்று தனித்தனிப் பை. செல்ஃபி மேடைக்கு வந்த பணத்தில் பூங்கா அலுவலர் வாஷர் வாங்கினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார். மார்ச் 31 வரை செலவாகாதது திரும்பிப் போகும். நமக்கோ சீசன் ஏப்ரல், மே. புது நிதியாண்டின் ஒதுக்கீடு கைக்கு வந்து சேருவதற்குள் கூட்டம் மலையேறிவிடும்.

புதிய பணி என்றால் அரசாணை வரும், கல்வெட்டு வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். பழைய குழாயை மாற்றினால் யாரையும் கூப்பிட்டுக் காட்ட முடியாது. அதனால் கேட்கும்போதே அலுவலகங்கள் புதியதைத்தான் கேட்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கிடைக்கிறதைத்தானே கேட்பார்கள்.


கொண்டலாம்பட்டி
திங்கள் மதியம் 1:05

அய்யா சொன்னதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி நான். பிளம்பிங், மோட்டார் வேலை செய்கிறேன். மலைமேல் ஒரு பூங்காவில் கழிவறையில் தண்ணீர் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். எங்கே என்று நானும் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால் நாலு ஃபிளஷ் டேங்கிலும் உள்ளே மிதவை வால்வு மூடவில்லை. அதற்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், சட்டைப் பொத்தான் அளவு. ஏற்காட்டுத் தண்ணீரில் மண் வரும். மண் உட்கார்ந்து உட்கார்ந்து வாஷர் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தேய்ந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்க நூல் மாதிரி தண்ணீர் ஓடியிருக்கிறது. மேல்தொட்டி காலியாகும்போதெல்லாம் ஆட்டோ ஸ்விட்ச் மோட்டாரைப் போட்டிருக்கிறது. கோடையில் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டார் காற்றை இழுத்து ஓடி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். வாஷர் பத்து ரூபாய். நாலுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை. காயில் கட்டுவது ஆயிரக்கணக்கில். மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி, வேனில் சேலம் கொண்டுவந்து, கட்டி, திரும்ப இறக்குவது தனி. அதற்கு மூன்று கொட்டேஷன் வேண்டும், மேலே ஒப்புதல் வேண்டும். வரும்வரை கதவில் பூட்டும் அட்டையும். நீங்கள் பார்த்த அட்டைக்குப் பின்னாலும் இப்படி ஒரு வாஷர் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கே இருந்த வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "ரெண்டு மாசமா தண்ணி ஓடுற சத்தம் ராத்திரில கேக்குது தம்பி, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல." அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் அங்கே இல்லை.


குகை
திங்கள் மாலை 5:30

எல்லாம் சரி. கடைசியில் இது 'டிக்கெட் விலையை ஏற்றுங்கள்' என்று போய் முடியக் கூடாது. எங்கள் தெருவில் தறி, கொலுசுப் பட்டறை வேலை பார்க்கிற குடும்பங்கள்தான் அதிகம். வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆடிப்பெருக்கு முடிந்தோ கோடை விழாவுக்கோ, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் மேலே போவார்கள். ஐந்து பேருக்கு டிக்கெட், படகு, குழந்தைக்கு மக்காச்சோளம் என்று எண்ணி எண்ணித்தான் செலவு செய்வார்கள். விலை ஏறினால் அவர்கள் பூங்காவுக்கு வெளியே கம்பிவேலி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். பூங்கா என்பது அவர்களுக்காகத்தான் முதலில் இருக்க வேண்டும்.


சூரமங்கலம்
திங்கள் இரவு 11:10

குகை நண்பர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. வேலைக்காகப் பதினோரு வருடம் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் சேலம் திரும்பினேன். அங்கே மாநிலப் பூங்காக்களுக்குள் போக நுழைவுக் கட்டணமே கிடையாது. கூடாரம் போட்டுத் தங்கினால், குகைக்குள் வழிகாட்டியோடு போனால் மட்டும்தான் பணம்.

எப்படி முடிகிறது என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. 1984இல் அந்த மாநிலத்து மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சின்ன விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் அதில் 10 சென்ட். அந்த வரியில் பாதி பூங்காக்களுக்கு, மீதிப் பாதி விவசாயிகளின் மண், நீர் பாதுகாப்புக்கு. வேறு எதற்கும் தொடக் கூடாது. அதிலும் பெரிய விஷயம், அது நிரந்தரம் இல்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் மக்களிடம் ஓட்டுக்குப் போக வேண்டும். கடைசியாக 2016இல் போனபோது பெருவாரியாக ஆதரித்தார்கள். பூங்கா அசிங்கமாக இருந்தால் அடுத்த ஓட்டில் பணம் நின்றுவிடும் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அங்கே யானைப் பாறைகள் என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு பூங்கா உண்டு. வரிசையாக யானை நிற்பது மாதிரி பெரிய பெரிய கருங்கல். நம் ஏற்காட்டில் பகோடா பாயின்ட் என்ற காட்சி முனைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்தப் பாறைகளுக்கு நடுவே பார்வையற்றவர்களும் நடக்கும்படி பாதை போட்டு, தொட்டுப் படிக்கும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம்.

வாஷிங்டன் மாநிலத்தில் வேறு மாதிரி. 2011இல் ஒரே அனுமதிச் சீட்டு கொண்டுவந்தார்கள். அதை வண்டியில் மாட்டினால் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை நிலம், இயற்கை வளத் துறை நிலம் மூன்றுக்கும் செல்லும். வரும் பணத்தில் 84 சதவீதம் பூங்காக்களுக்கு, மற்ற இரண்டு துறைக்கும் எட்டு எட்டு. ஒண்டிக்கடை அண்ணன் சொன்ன 'மூன்று கல்லா' பிரச்சினைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.


அஸ்தம்பட்டி
செவ்வாய் காலை 6:05

நல்ல தகவல் தம்பி. ஆனால் மிசௌரி மாதிரி தனி விற்பனை வரி இங்கே நடக்காது. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரு மாநிலம் தானாக அப்படி ஒரு வரியைச் சேர்க்க முடியாது.

டிக்கெட் பணத்தை அங்கேயே வைத்துக்கொள்ள நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் திருத்தம் கொண்டுவந்து, புலிகள் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். சுற்றுலாப் பயணிகள் கட்டும் பணம் அந்த அறக்கட்டளைக்குப் போய், அந்தக் காட்டுக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் செலவாகும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கிய ஒரு நிறுவனம், அதனால் அதன் வசூல் அதன் கணக்கிலேயே இருக்கும். ஆக, ஏற்காட்டுப் பூங்காவுக்கு மட்டும் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கருவூலத்தைத் தாண்டிப் பணம் நிற்கும் இடத்தில் கண்காணிப்பு குறையும். முப்பது வருடம் அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.


சூரமங்கலம்
செவ்வாய் காலை 9:25

சார் பயப்படுவது நியாயம்தான். கலிஃபோர்னியாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் அங்கே பணம் இல்லை என்று 278 மாநிலப் பூங்காக்களில் 70ஐ மூடப்போவதாக அறிவித்தார்கள். ஊர் ஊராக மக்கள் நிதி திரட்டினார்கள். ஓய்வூதியக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள். 2012 ஜூலையில் பார்த்தால், பூங்காத் துறையின் இரண்டு நிதிகளில் சுமார் 5.4 கோடி டாலர் வெளியே காட்டாமல் இருந்திருக்கிறது. இயக்குநர் பதவி விலகினார். பணம் கொடுத்த மக்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அதனால் பணத்தைப் பூங்காவிலேயே வைக்கலாம், ஆனால் மாதா மாதம் வரவும் செலவும் நுழைவாயில் பலகையில் எழுத வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு எழுதுகிறார்கள் இல்லையா, அதே மாதிரி.


அஸ்தம்பட்டி
செவ்வாய் காலை 9:50

பலகை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அறக்கட்டளை வர வருடக்கணக்கில் ஆகும். அதற்கு முன் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: நிரந்தர முன்பணம். சில்லறைச் செலவுக்கு என்று ஓர் அலுவலரிடம் ஒரு சிறு தொகை எப்போதும் கையில் இருக்கும். வாஷர் வாங்கினால் ரசீதை வைத்துப் பில் போட்டு, செலவான அளவுக்குத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். விதியில் இருப்பதுதான், புதிய சட்டம் எதுவும் வேண்டாம். பூங்காவில் நேரில் நிற்கும் ஆளிடம் அது இருக்க வேண்டும், தொகை இன்றைய விலைவாசிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கொண்டலாம்பட்டி தம்பி சொன்ன நோட்டுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.


நாகலூர்
செவ்வாய் இரவு 8:30

எல்லாரும் குழாயையும் பணத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அம்மா மலைமேல் பூங்கா வேலையில் தினக்கூலியாகப் பல வருடம் இருந்தார். இப்போது முழங்கால் வலி, வீட்டில்தான் இருக்கிறார்.

மே மாதம் மலர்க் காட்சியில் நீங்கள் பார்க்கும் பூவெல்லாம் மே மாதம் வந்தது இல்லை. பல மாதம் முன்பே விதை தூவி, நாற்று எடுத்து, தொட்டி தொட்டியாக மாற்றி நட வேண்டும். ரோஜாவுக்குக் காட்சி நாளிலிருந்து பின்னால் எண்ணி, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு கவாத்து வெட்ட வேண்டும். ஒரு வாரம் முந்தினால் பூத்து உதிர்ந்துவிடும், ஒரு வாரம் பிந்தினால் மொட்டாகவே நிற்கும். அம்மா கத்தியை வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக ஒரே வெட்டு. தண்ணீர் வெட்டில் தங்கக் கூடாது என்பதற்காக அந்தச் சாய்வு. "உள்பக்கம் பார்த்த கணுவ விட்டா செடி தன்னைத்தானே மூடிக்கும், காத்து போகாது" என்பார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை, கூட வேலை பார்த்த பெரியம்மா ஒருவரிடம் கற்றுக்கொண்டார்.

காட்சி முடிந்த மறுவாரமே ஆட்களைக் குறைத்துவிடுவார்கள். ஜூனில் மழை தொடங்கினால் களை முழங்கால் உயரத்துக்கு வரும். அப்போதுதான் ஆள் அதிகம் வேண்டும். புல்வெளியில் களை எடுக்காமல் விட்டால் அடுத்த கோடையில் புல் இருக்காது, கோரைதான் இருக்கும். அப்புறம் புல்வெளியையே புதிதாகப் போடுவார்கள், அது 'புதிய பணி'. வேலை தெரிந்த பெண்கள் அதற்குள் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டிருப்பார்கள். அடுத்த வருடம் வருபவர்களுக்கு ரோஜாவின் கணு எது என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். செலவுக் கணக்கில் அந்த இழப்புக்கு ஒரு தலைப்பு இருக்கிறதா சார்?


அஸ்தம்பட்டி
செவ்வாய் இரவு 9:15

இல்லை அம்மா. இருந்திருக்க வேண்டும்.


ஒண்டிக்கடை
புதன் காலை 7:45

எங்கள் கண்முன்னே நடப்பதை இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி.

நான் சேர்ப்பது இரண்டு விஷயம். உயிரியல் பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் மூடியிருக்க வேண்டும் என்று மத்திய விதியே இருக்கிறது. அந்த ஒரு நாளில்தான் கூண்டு கழுவுவது, வேலி பார்ப்பது எல்லாம் நடக்கிறது. மற்ற பூங்காக்களுக்கு அப்படி ஓய்வு கிடையாது. சனி, ஞாயிறு மிதிபட்ட புல் திங்கட்கிழமையும் மிதிபடுகிறது. புதன்கிழமை மேலே கூட்டமே இருக்காது. அன்றைக்குப் பாதிப் பூங்காவைக் கயிறு கட்டி மூடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, கடைக்காரன் நானே சொல்கிறேன்.

இரண்டாவது, வடிகால். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, குப்பனூர் வழியாகத்தான் ஊருக்குப் போக்குவரத்து. அந்த நாட்களில் எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் வடிகாலில் நானும் பையனும் கையை விட்டு எடுத்தது முழுக்கத் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர், சில்வர் ஓக் இலை. செப்டம்பரிலேயே ஒரு நாள் கூலி கொடுத்து எடுத்திருந்தால் தண்ணீர் கடைக்குள் வந்திருக்காது. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வைத்துவிட்டார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்களும் இங்கேதான் வருகிறார்கள். வரட்டும், வந்தால்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் வடிகாலும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும்.


குகை
புதன் மதியம் 2:20

சரி, பேசியாகிவிட்டது. என்ன செய்யப் போகிறோம்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். நான் வருகிறேன், அன்றைக்குத் தறி ஓட்டவில்லை என்றால் பரவாயில்லை.


கோரிமேடு
புதன் இரவு 10:00

நானும் வருகிறேன். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிட்டால் மனு கனமாக இருக்கும். பத்து ரூபாய்க் கட்டணம்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருக்கும் என்று ஒண்டிக்கடை அண்ணன் சொன்ன பிறகு புரிந்தது. கேள்விகளை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்.

கடந்த மூன்று நிதியாண்டில் இந்தப் பூங்காவின் கட்டண வசூல் மாதவாரியாக எவ்வளவு? அதே காலத்தில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வந்தது? புதிய பணிகளுக்கு எவ்வளவு? பூங்காப் பொறுப்பாளரிடம் நிரந்தர முன்பணம் உண்டா, எவ்வளவு? கழிவறை எத்தனை நாள் மூடியிருந்தது, காரணம் என்ன? பழுதுப் பதிவேட்டின் நகல் தரவும்.


அஸ்தம்பட்டி
புதன் இரவு 10:25

நன்றாக இருக்கிறது. 'காரணம் என்ன' என்று கேட்காதீர்கள், ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். 'மூடியதற்கான கடிதப் போக்குவரத்தின் நகல்' என்று மாற்றுங்கள்.


நாகலூர்
புதன் இரவு 11:00

அம்மாவிடம் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். இன்னும் ஒன்று சேர்க்கச் சொல்கிறார்: மே மாதம் எத்தனை பேருக்குக் கூலி கொடுத்தீர்கள், ஜூன் மாதம் எத்தனை பேருக்கு?